17 ஆண்டு நின்ற புல்லட் 350: பிடித்திருந்த பிஸ்டன், அடைத்திருந்த ஆயில் வழி

என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையில் 1980-களின் நடுவில் தயாரான புல்லட் 350 மோட்டார் சைக்கிள் இது. இரும்பு சிலிண்டர், அலுமினிய ஹெட், பாயிண்ட் இக்னிஷன், மிக்கார்ப் கார்புரேட்டர். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். போர் (சிலிண்டரின் உட்குழல்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. 17 ஆண்டுகள் தகரக் கூரைக்கடியில் நின்றிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த நிலையில் நிறுத்தப்பட்ட வண்டி, பழுதென்று ஓரங்கட்டியதல்ல. அதனால் எல்லாக் கோளாறும் நின்றதால் வந்தவையே என்ற எண்ணத்தில்தான் வேலை தொடங்கியது. அந்த எண்ணம் பாதிதான் சரி என்பது ஆயில் வழியைத் திறந்தபோது தெரிந்தது.

கிக்கர் ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. இப்படிப் பிடித்து நிற்கும் எஞ்சினில் எல்லோர் கவனமும் பிஸ்டன் மேல்தான் போகும். ஆனால் பிஸ்டனை விடுவிப்பது இந்த வேலையில் எளிய பாதி. விடுபட்ட அன்றே பெட்ரோல் ஊற்றி உதைத்திருந்தால் இந்த எஞ்சின் அநேகமாகக் கிளம்பியிருக்கும். சில நிமிடங்களில் பிக் எண்ட், அதாவது பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடம், போயிருக்கும்.

உதைப்பதற்கு முன்

பிடித்த எஞ்சினைக் கிக்கரில் ஏறி மிதிப்பதும், கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவதும் பரவலான பழக்கம். இரண்டும் வேண்டாம். கிக்கரில் உடல் எடை முழுவதும் விழும்போது அதைத் தாங்குவது கியர் பெட்டிக்குள் இருக்கும் சிறிய ராட்செட் பற்கள். இந்த வண்டியில் யாரோ முன்பே முயன்றிருக்கிறார்கள். கியர் பெட்டியைத் திறந்தபோது அந்தப் பற்களில் இரண்டின் நுனி சிதைந்திருந்தது. கியரில் போட்டு ஆட்டினால் ஆபத்து வேறு விதம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் துருப்பிடித்த ரிங் சற்றே நகர்ந்து நிற்கும், பள்ளத்துக்குள் ஒட்டிய பகுதி ஓரிடமும் போரில் ஒட்டிய பகுதி ஓரிடமுமாக இழுபட்டு ரிங் உடையும், உடைந்த துண்டு போரைக் கீறும்.

முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது. சுற்றியிருக்கும் மண்ணைத் தூரிகையாலும் காற்றாலும் முழுக்க நீக்கிய பிறகுதான் ஸ்பேனரை வைக்க வேண்டும். ஹெட் அலுமினியம், பிளக் உடம்பு இரும்பு. இத்தனை ஆண்டுகளில் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்திருக்கும். துருநீக்கி எண்ணெயில் ஓரிரவு ஊறவிட்டு, முதலில் மயிரிழை அளவு இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு தளர்த்தினால் மறை பிய்யாமல் வரும். மற்ற போல்ட்டுகளுக்கும் ஒரு எச்சரிக்கை: அந்தக் கால புல்லட்டில் பழைய பிரிட்டிஷ் அளவு நட்டுகள் நிறைய உண்டு. மி.மீ. ஸ்பேனர் ஏறக்குறைய பொருந்துவதுபோல் இருக்கும், இறுகிய நட்டின் மூலைகளை வழித்துவிடும்.

அடுத்து வலப்பக்கம் சிலிண்டர் அடியில் இருக்கும் டேப்பட் மூடி. அதைத் திறந்து, வால்வுகளைத் திறக்கவைக்கும் இரண்டு புஷ் ராடுகளையும் விரலால் சுழற்றிப் பார்த்தால், எஞ்சின் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை எதையும் பிரிக்காமலே அறியலாம். இரண்டும் எளிதாகச் சுழன்றால் இரண்டு வால்வும் மூடியிருக்கின்றன. உள்ளே ஈரம் போக வழி குறைவு, போர் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே எக்ஸாஸ்ட் ராடு சுழன்றது, இன்லெட் ராடு அசையவில்லை. அதாவது இன்லெட் வால்வு திறந்தபடி, காற்றை உள்ளிழுக்கும் ஸ்ட்ரோக்கின் நடுவே எஞ்சின் நின்றிருக்கிறது. ஏர் ஃபில்டர் குழாய் எப்போதோ இற்று விழுந்துவிட்டது. ஆக 17 மழைக்காலத்து ஈரக்காற்றும் கார்புரேட்டர் வழியாக நேரே பிஸ்டன் தலைவரை போயிருக்கிறது. பிளக் துளையில் டார்ச் அடித்துப் பார்த்ததில் பிஸ்டன் விளிம்பைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் தெரிந்தது. இரவுக் குளிரில் நீராவி படிந்து, பிஸ்டன் தலையில் வழிந்து, விளிம்பில் தேங்கும். அதனால்தான் துரு போர் முழுவதும் பரவாமல் மேல் ரிங் நிற்கும் மட்டத்தில் குவிகிறது.

பிறகு ஆயில். புல்லட்டில் ஆயில் தொட்டி தனியாக வெளியே இல்லை. கிராங்க் அறைக்குப் பின்புறம், அதே வார்ப்பிலேயே இருக்கிறது. கொள்ளளவு சுமார் 2.25 லிட்டர். தொட்டியின் வடிகால் போல்ட்டைத் திறந்ததும் முதலில் வந்தது 200 மி.லி. தண்ணீர். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். அதன் பின்னால் 1.4 லிட்டர் கறுத்த ஆயில், கடைசியில் களிம்புபோலக் கசடு. கிராங்க் அறையிலிருந்து தனியே 600 மி.லி. ஆயில் வந்தது. அது அங்கே இருக்கவே கூடாது. நீண்ட நாள் நின்றால் ஆயில் பம்ப்பின் வழியே சொட்டுச் சொட்டாகக் கசிந்து அங்கே சேரும். எஞ்சின் சுழலும் நிலையில் இருந்திருந்தாலும், இதை வடிக்காமல் கிளப்பினால் ஃபிளைவீல் ஆயிலில் முங்கி ஓடும், புகை கக்கும், சீல்கள் பிதுங்கும். சில மாதம் நின்ற புல்லட்டுக்கும் இது பொருந்தும்.

பிஸ்டன் விடுபட்ட விதம்

அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ATF) சரிபாதி கலந்து 60 மி.லி. பிளக் துளையில் ஊற்றப்பட்டது. அசிட்டோன் ஆயிலை மெல்லியதாக்கி இடுக்கில் இறங்கவைக்கிறது; பிறகு அது ஆவியாகி ஆயில் மட்டும் தங்குகிறது. கலவை நின்றால் பிரியும், ஊற்றும் முன் குலுக்க வேண்டும். முதல் 2 நாள் மட்டம் இறங்கவே இல்லை. துரு ரிங்கைச் சுற்றி அவ்வளவு இறுக்கமாக அடைத்திருந்தது. 4-ஆம் நாள் பாதியாகக் குறைந்தது. அதுதான் எதிர்பார்த்த அறிகுறி: திரவம் ரிங்கைத் தாண்டிக் கீழே போகத் தொடங்கிவிட்டது.

கிரீஸ் கன்னால் பிளக் துளை வழியே அழுத்தம் கொடுத்துத் தள்ளும் முறை சில எஞ்சின்களில் நன்றாக வேலை செய்யும். இங்கே இன்லெட் வால்வு திறந்திருப்பதால் கிரீஸ் கார்புரேட்டருக்குள்தான் போகும். எனவே ஹெட் கழற்றப்பட்டது. ஊறல் திரவம் முழுக்கத் துடைக்கப்பட்டு, அசிட்டோன் வாடை போகும்வரை ஒரு நாள் திறந்து விடப்பட்டது. இதைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் அடுத்தது வெப்பம்.

வெப்பத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எஞ்சின் முழுவதும் சீராகச் சூடானால் அலுமினியப் பிஸ்டன் இரும்பு போரைவிட அதிகம் விரிந்து இன்னும் இறுகும். சிலிண்டரை வெளியிலிருந்து விரைவாகச் சூடாக்கினால், வெப்பம் பிஸ்டனை எட்டும் முன் சில நிமிடம் போர் மட்டும் விரிந்திருக்கும். அந்த இடைவெளியில் தட்ட வேண்டும். பிறகு முழுக்க ஆறவிட்டால், சூட்டில் விரிந்த பிஸ்டன் சுருங்கும்போது துருவின் பிடிப்பும் நொறுங்குகிறது. ஹாட் ஏர் கன்னால் துடுப்புகளைச் சுற்றி 10 நிமிடம் சூடு, போருக்குள் தளர்வாக நுழையும் 65 மி.மீ. தேக்குக் கட்டை, அதன் மேல் 1 கிலோ மர உளிச்சுத்தியல். அடி பலமாக இல்லை, அடுக்கடுக்காக இருந்தது. இரும்புக் கம்பியைப் பிஸ்டன் நடுவில் வைத்து ஓங்கி அடித்தால் பிஸ்டன் தலை விரியும், கீழே பிக் எண்ட் புஷ்ஷும் அடி வாங்கும்.

மூன்றாவது சூட்டில் பிஸ்டன் 1.5 மி.மீ. இறங்கியது. மீண்டும் ஆயில், ஓரிரவு ஓய்வு. மறுநாள் இரண்டு சூட்டில் அடிமட்டம்வரை போனது.

திசையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்குக் கீழே போர் எண்ணெய்ப் பிசுக்கோடு சுத்தமாக இருக்கும், மேலேதான் துரு. பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் ரிங்குகள் துரு வளையத்தின் மேல் ஏற வேண்டும். எனவே பிஸ்டன் கீழே மட்டுமே போனது. அதன் பிறகு கிராங்க் அறை வாயில் துணி அடைத்து, சிலிண்டரை மேல்நோக்கி உருவியதும் பிஸ்டன் போரின் அடிவாய் வழியே வெளியே வந்தது. துருவைத் தாண்டவே இல்லை. மேல் ரிங் பள்ளத்தில் கல்போல் ஒட்டியிருந்தது, எடுக்கும்போது மூன்றாக உடைந்தது. மற்ற ரிங்குகள் முழுதாக வந்தன.

ஆயில் வழி

சிலிண்டர் இல்லாதபோது கனெக்டிங் ராடின் அடிப்பகுதியை மேலிருந்தே பார்க்கலாம். இந்த வாய்ப்பை விடக்கூடாது. வலப்பக்க டைமிங் கவரைக் கழற்றி, கிராங்க் தண்டின் நுனியில் இருக்கும் ஆயில் துளையில் ஆயில் கேனின் மூக்கை இறுக்கமாக வைத்து அமுக்கினால், 20, 30 அமுக்கில் பிக் எண்டின் இரு பக்கத்திலும் ஆயில் கசிந்து வர வேண்டும். இங்கே 100 அமுக்கு ஆயிற்று. ஆயில் மூக்கைச் சுற்றித் திரும்பி வழிந்ததே தவிர, பிக் எண்டில் ஈரம் கூட இல்லை.

இது எவ்வளவு தீவிரமான செய்தி என்பது பிக் எண்டின் அமைப்பைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். பல பழைய மோட்டார் சைக்கிள்களில் அங்கே உருளை பேரிங் இருக்கும். ஆயில் தெறிப்பு கொஞ்சம் குறைந்தாலும் சிறிது தூரம் தாக்குப் பிடிக்கும். புல்லட் 350-இல் இருப்பது மிதக்கும் புஷ். கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் இடையில் எதிலும் பொருத்தப்படாமல், இரண்டு பக்கமும் ஆயில் படலத்தில் மிதந்து சுழலும் வளையம் அது. பம்ப் தள்ளும் ஆயில் நின்றுவிட்டால் படலம் இல்லை. படலம் இல்லையென்றால் உலோகத்தோடு உலோகம்தான். பிஸ்டன் விடுபட்டுவிட்டதென்று ஹெட்டை மாட்டிக் கிளப்பியிருந்தால் நடந்திருப்பது இதுதான்.

அடைப்பைக் காற்றழுத்தத்தால் ஊதித் தள்ளிவிடலாமே என்ற எண்ணம் எழும். வழி ஒரே திசையில் போய்ப் புஷ்ஷில் முடிகிறது. ஊதினால் கசடு வெளியேறாது. போகக்கூடாத இடத்துக்கு, புஷ்ஷின் இடுக்குக்கே போய்ச் சேரும். டீசலில் ஊறவைத்துத் திரும்ப உறிஞ்சும் முயற்சியில் சிறிதளவு கறுப்புக் களிம்பு வந்தது, வழி திறக்கவில்லை. எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கி, கிராங்க் கேஸைப் பிளப்பது என்று முடிவானது. செலவும் நேரமும் இரட்டிப்பாகும் முடிவுதான். ஆனாலும் இந்தக் கட்டத்தில் தயங்கினால் அதுவரை செய்த வேலை முழுவதும் வீண்.

பிரஸ்ஸில் வைத்து, கிராங்கின் இரு பாதிகளான ஃபிளைவீல்களைப் பிரிப்பதற்கு முன் இரண்டின் விளிம்பிலும் நேர்க்கோடு கீறிக்கொள்வது பின்னர் சேர்க்கும்போது உதவும். பிரித்ததும் காரணம் கிடைத்தது: ஃபிளைவீலிலிருந்து பின்னுக்குத் திரும்பும் வளைவில் சிவப்பு சிலிக்கான் பசையின் ஓர் இழை, சுமார் 12 மி.மீ. நீளம், அதைச் சுற்றிக் கெட்டியான கசடு. வண்டி நிற்பதற்கு முன்பே யாரோ டைமிங் கவரைப் பேக்கிங் இல்லாமல் சிலிக்கான் தடவி மூடியிருக்கிறார்கள். ஓரத்தில் பிதுங்கிய பசை உள்ளே பிய்ந்து, ஆயிலோடு போய் வளைவில் சிக்கியிருக்கிறது. புஷ்ஷின் உள்முகத்தில் ஒரு பக்கம் ஆழமான வரிகள். ஆக, ஓடிக்கொண்டிருந்தபோதே பிக் எண்டுக்குப் பாதி ஆயில்தான் போய்க்கொண்டிருந்தது. நின்ற 17 ஆண்டுகளில் எஞ்சிய இடுக்கைக் கசடு மூடியது. நின்றதால் வந்த கோளாறு பிஸ்டனில் இருந்தது. ஓடும்போதே இருந்த கோளாறு இங்கே.

புதிய புஷ், பழைய பின். பின்னில் கீறல் இல்லை, நகத்தை ஓட்டிப் பார்த்தாலும் தடங்கவில்லை. ஆயில் வழிகள் ஒவ்வொன்றிலும் செம்புக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே கிராங்க் சேர்க்கப்பட்டது. இரு முனைகளையும் சென்டரில் தாங்கி டயல் கேஜ் வைத்தபோது ஓட்டத்தில் 0.11 மி.மீ. கோணல். ஃபிளைவீல் விளிம்பில் பித்தளைச் சுத்தியலால் தட்டித் தட்டி 0.03 மி.மீ.-க்குக் கொண்டுவரப்பட்டது. பொறுமை கேட்கும் வேலை. 0.05-க்கு மேல் விட்டால் அதிர்வு கூடும், மெயின் பேரிங் சீக்கிரம் சத்தம் போடும். தண்ணீர் தேங்கியதால் மெயின் பேரிங் குண்டுகளில் துருப்புள்ளிகள் இருந்தன, அனைத்தும் மாற்றப்பட்டன. கேஸை 100 டிகிரிவரை சூடாக்கினால் பேரிங் அடிக்காமலே தானாக இறங்கும்.

பம்ப்புகள் இரண்டும் டைமிங் கவருக்குள் இருக்கின்றன. ஒன்று தொட்டியிலிருந்து பிக் எண்டுக்கு அனுப்புவது, மற்றது கிராங்க் அறையிலிருந்து திரும்ப எடுப்பது. திரும்ப எடுப்பதன் கொள்ளளவுதான் பெரிது. ஆயில் வந்து சேரும் வேகத்தைவிட எடுக்கும் வேகம் கூடுதலாக இருந்தால்தான் கிராங்க் அறை வற்றியிருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. இந்தப் பம்ப்பில் ஒரு வட்டத்தகடு, கவரின் தட்டையான முகத்தின் மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஊசலாடுகிறது. அந்த இரு முகங்களுக்கிடையே கீறல் இருந்தால் அதுவே கசிவு. 600 மி.லி. ஆயில் கிராங்க் அறைக்கு வந்த வழி இதுதான். மெட்டல் பாலிஷை இட்டு, தகட்டை எட்டு வடிவில் தேய்த்து, இரண்டு முகமும் விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே சாம்பல் நிறம் ஆகும்வரை வேலை நடந்தது. பிறகு மண்ணெண்ணெயில் மும்முறை கழுவல். பாலிஷின் தூள் ஒரு துளி தங்கினாலும் அது புஷ்ஷுக்குத்தான் போகும்.

கவரிலிருந்து கிராங்க் நுனிக்கு ஆயில் கடக்கும் இடத்தில் ஒரு சிறிய சீல் இருக்கிறது. பலர் கவனிக்காத பொருள். அது காய்ந்து சுருங்கியிருந்தால் பம்ப் நன்றாக இருந்தும் ஆயில் பிக் எண்டுக்குப் போகாமல் டைமிங் பக்கமே வழிந்துவிடும். கவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதை மாற்றுவது நல்லது. கவருக்குப் பேப்பர் பேக்கிங், அதன் மேல் விரலால் பூசித் துடைத்த அளவு கிரீஸ், அவ்வளவே போதும். இந்த எஞ்சினுக்குள் சிலிக்கான் பசை வரவே கூடாது.

போர், ரிங், வால்வு

துரு வளையம் இருந்த மட்டத்தில் போரின் விட்டம் 70.10 மி.மீ. வரை தேய்ந்திருந்தது. அதாவது மூல அளவிலிருந்து பக்கத்துக்கு 0.05 மி.மீ. தேய்மானம். அதற்கு மேல் துருக்குழிகளின் ஆழம் 0.15. மொத்தம் 0.20. முதல் ஓவர்சைஸ் (பெரிய) பிஸ்டனுக்காக விட்டத்தை 0.25 கூட்டிப் போர் செய்தால், அதாவது கடைந்தால், பக்கத்துக்கு 0.125 மட்டுமே போகும், குழிகள் மிஞ்சும். 0.50 ஓவர்சைஸில் பக்கத்துக்கு 0.25 போகிறது, குழிகள் மறையும். ஆனால் ஒரு நிபந்தனை: லேத்துக்காரர் சிலிண்டரின் தேயாத அடிப்பகுதியை மையமாக வைத்துத்தான் போர் செய்ய வேண்டும், தேய்ந்த மேல்பகுதியை வைத்தல்ல. மையம் 0.05-க்கு மேல் விலகினால் ஒரு பக்கம் குழியின் அடி மிஞ்சி நிற்கும்.

பிஸ்டனை வாங்கி, அதன் ஸ்கர்ட்டை (ரிங்குகளுக்குக் கீழுள்ள பகுதியை) மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவோடு 0.10 மி.மீ. கூட்டிப் போர் செய்யச் சொல்வதுதான் முறை. பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் சொல்லி அனுப்பினால், பிஸ்டனுக்குப் பிஸ்டன் இருக்கும் வேறுபாடு இடைவெளியில் போய் விழும். இடைவெளி குறைந்தால் முதல் சூட்டிலேயே பிடிக்கும். அதிகமானால் குளிர்ந்த நேரத்தில் பிஸ்டன் தட்டும் சத்தம் வரும். கல்லால் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் முடிந்த போரைப் பெட்ரோலில் கழுவக் கூடாது, கல்தூள் வரிகளுக்குள்ளேயே தங்கிவிடும். சூடான சோப்புத் தண்ணீரும் தூரிகையும்தான். வெள்ளைத் துணியால் துடைத்துத் துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை கழுவிய பிறகு, உடனே ஆயில் பூச வேண்டும். வெறும் இரும்பு சில நிமிடங்களிலேயே பழுப்பாகத் தொடங்கும்.

ரிங்கைப் போருக்குள் பிஸ்டனாலேயே நேராகத் தள்ளி வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்ததில் 0.22 மி.மீ.; மெல்லிய அரத்தால் 0.32-க்குக் கொண்டுவரப்பட்டது. ரிங் வாய்கள் ஒரே கோட்டில் வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி.

எக்ஸாஸ்ட் வால்வு 15 நிமிடத் தேய்ப்பில் சரியானது. இன்லெட் வால்வின் தண்டில் துருப்பள்ளம் இருந்ததால் வால்வும் கைடும் புதிது. வால்வு ஸ்பிரிங்கின் கம்பியில் துருப்புள்ளி ஒன்றே இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஓட்டத்தில் அந்தப் புள்ளியிலிருந்துதான் உடையும். ஹெட்டைக் கவிழ்த்து அறையில் மண்ணெண்ணெய் ஊற்றி 10 நிமிடம் வைத்ததில் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

தீப்பொறியும் கார்புரேட்டரும்

இதில் நீண்ட நேரம் போகவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறியை உண்டாக்கும் பாயிண்ட் முகங்களில் வெண்மையான படலம். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, ஸ்பிரிட்டில் துடைப்பு, இடைவெளி 0.38 மி.மீ. கண்டென்சர் புதிது. ஆனால் பாயிண்ட் தகட்டுக்கு அடியில், வேகம் கூடும்போது தீப்பொறியை முன்னதாக விழச்செய்யும் தானியங்கி அட்வான்ஸ் எடைகளைப் பார்க்காமல் விடக்கூடாது. பழைய கிரீஸ் பசையாகி, எடைகள் விரிந்த நிலையிலேயே ஒட்டியிருந்தன. அந்த நிலையில் உதைத்திருந்தால் தீப்பொறி மிக முன்னதாக விழுந்து கிக்கர் திருப்பி அடித்திருக்கும். புல்லட்டின் திருப்பி அடிக்கு எலும்பு முறிந்தவர்கள் உண்டு. மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சொட்டு ஆயில் விட்டு, கேமை விரலால் திருப்பிவிட்டால் ஸ்பிரிங் தானாகப் பழைய இடத்துக்கு இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டைமிங் 0.8 மி.மீ., அட்வான்ஸ் இல்லாத நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன். இது ஏறத்தாழ 9, 10 டிகிரிதான். உச்சிக்கு அருகில் பிஸ்டன் மெதுவாக நகர்வதால் அளவில் சிறு பிழையும் கோணத்தில் பெரிதாகத் தெரியும். பிளக் துளை சாய்வாக இருப்பதால் அதன் வழியே கம்பி விட்டு அளப்பது தோராயம். சிலிண்டர் மாட்டி, ஹெட் மாட்டுவதற்கு முன், டயல் கேஜைப் பிஸ்டன் தலையில் நேராக நிறுத்தி வைத்ததால் துல்லியம் கிடைத்தது. பாயிண்ட் பிரியும் கணத்தைக் காட்ட ஒரு சிறிய பல்பு.

கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் வார்னிஷாகி ஸ்லோ ஜெட் துளையை முழுக்க மூடியிருந்தது. ஊறவைத்து, காற்றடித்து, நைலான் இழையால் திறக்க வேண்டும். இரும்புக் கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும். ஓரிங், மிதவை ஊசி, பேக்கிங் எல்லாம் புதிது. இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர்கள் ஊதிப் பிசுபிசுக்கும், வைத்துக்கொள்வதில் பயனில்லை.

முதல் ஓட்டம்

ஆயில் ஃபில்டர் அறை காலியாக இருக்கும்போது எஞ்சினைக் கிளப்பினால், அந்த அறை நிறையும்வரை பிக் எண்டுக்கு ஒரு துளியும் போகாது. எனவே ஃபெல்ட் ஃபில்டரை ஆயிலில் நனைத்து, அறையை ஆயிலால் நிரப்பியே மூட வேண்டும். சாதாரண ஆயில் மாற்றத்திலும் பலர் தவறுவது இங்கேதான். தொட்டியில் 20டபிள்யூ-50 மினரல் ஆயில். சிந்தெடிக் வேண்டாம், புதிய ரிங் போரில் படிய அது தாமதமாக்கும். பிளக் இல்லாமல், டைமிங் கவரின் ஆயில் ஃபீட் திருகைத் தளர்த்திக் கிக்கரை மெதுவாக இறக்கியதில் 14-ஆவது இறக்கத்தில் குமிழோடும் 22-ஆவதில் குமிழில்லாமலும் ஆயில் வந்தது. திருகை இறுக்கி மேலும் 40 இறக்கம்.

புஷ் ராடுகள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, மேல்கீழ் ஆட்டம் இல்லாமல், விரலால் சுழலும் அளவில் வைக்கப்பட்டன. துருப்பிடித்த பெட்ரோல் டேங்க் தனியே சுத்தமாகிக்கொண்டிருந்ததால், 250 மி.லி. பெட்ரோல் தொங்கும் பாட்டிலிலிருந்து. சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை இறக்கி, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்றே தள்ளி, விட்டு, முழு உதை. நான்காவது உதையில் கிளம்பியது.

கிளம்பியதும் கவனிக்க வேண்டியது சத்தமல்ல, ஹெட்டின் மேல் வால்வுகளை அமுக்கும் ராக்கர் பெட்டிக்குப் போகும் ஆயில் குழாய். அதன் மேல்முனை போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். 40 நொடியில் கசிந்தது. வராவிட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட விடக்கூடாது. முதல் ஓட்டம் 2 நிமிடம், இரண்டாவது 5, மூன்றாவது 10. ஒவ்வொன்றுக்கும் இடையில் கை வைக்கும் அளவுக்கல்ல, முழுக்க ஆறும்வரை. மூன்றாவதுக்குப் பிறகு குளிர்ந்த நிலையில் ஹெட் நட்டுகளைக் குறுக்குவாட்டில் மீண்டும் இறுக்கி, புஷ் ராடுகளைத் திரும்பப் பார்த்தபோது இரண்டும் இறுகியிருந்தன. பேக்கிங் அமுங்குவதால் இது நிச்சயம் நடக்கும். கவனிக்காவிட்டால் வால்வு முழுக்க மூடாமல் எரியும்.

இரண்டு கோளாறுகள் வந்தன. ஐடிலிங் ஏறி இறங்கி நின்றது, திராட்டிலை மூடினால் சைலன்ஸரில் வெடிப்பு. கார்புரேட்டர் ஃபிளாஞ்சின் விளிம்பில் ஆயில் சொட்டுகள் விட்டபோது உள்ளே இழுபட்டன. காற்றுக் கசிவு உறுதி. முன்பு எப்போதோ இரண்டு நட்டையும் அதிகமாக முறுக்கியதில் ஃபிளாஞ்ச் வில்லாக வளைந்திருந்தது. கண்ணாடியின் மேல் எமரித்தாளை விரித்துத் தேய்த்துத் தட்டையாக்கியதும் தீர்ந்தது. இரண்டாவது, டேப்பட் மூடியில் ஆயில் கசிவு. பேக்கிங்கை இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லை. குற்றம் அங்கே இல்லை: கிராங்க் அறைக் காற்றை வெளியே மட்டும் விடும் ப்ரீதர் ரப்பர் வால்வு கல்லாகி மூடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏறும் அழுத்தம் வழி தேடி மூடி ஓரம் வந்திருக்கிறது. ரப்பரை மாற்றியதும் அதே பழைய பேக்கிங்கிலேயே கசிவு நின்றது.

முதல் ஆயில் இந்த மூன்று ஓட்டங்களோடு வடிக்கப்பட்டது. அடுத்தது 200 கி.மீ.-இல், பிறகு 500-இல். 500 கி.மீ. வரை 50 கி.மீ. வேகத்துக்குள், ஆனால் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், இடையிடையே திராட்டிலைத் திறந்து மூடி. ரிங் படிவதற்கு அந்த ஏற்ற இறக்கம் வேண்டும். தொடக்கத்தில் திராட்டிலை மூடும்போது தெரிந்த நீலப்புகை 250 கி.மீ.-க்குள் மறைந்தது. 500-இல் ஃபெல்ட் ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்த்ததில் புதிய போரின் மெல்லிய சாம்பல் தூள் இருந்தது; வெண்கல நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ செதில் எதுவும் இல்லை. பிளக் இளம்பழுப்பு. இரவு முழுவதும் நின்ற பிறகு கிராங்க் அறை வடிகாலைத் திறந்ததில் வந்தது 30 மி.லி. ஆயில், இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மீண்டும் அளந்து, பம்ப் தகட்டை இன்னொரு முறை தேய்க்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.